அத்தானின் செவென்ரியும் அக்காவின் ஸ்னோமொபிலும்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். முதலில் கண்ணில் பட்டது, பெற்றோல் நிலையத்தின் மூன்றாவது பம்பில் நின்ற சக்கரமில்லாத வண்டி. அதற்கு முன்னால் ஒரு வான், பின்னால் ஒரு ட்ரக். கார்களின் வரிசையில் தன் முறைக்குக் காத்திருந்து வந்ததுபோல அது நின்றது. முன்பக்கம் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்பக்கம் அகலமான ரப்பர் பட்டி, மேலே மோட்டார் சைக்கிளுக்கு இருப்பதுபோல நீண்ட இருக்கை. கடைக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தார். அறுபது வயதிருக்கும். ஒரு கையில் தலைக்கவசம், மற்றக் கையில் நான்கு லீற்றர் பால் பை. பாலை இருக்கைக்குப் பின்னாலிருந்த பெட்டிக்குள் வைத்தார். தலைக்கவசத்தை மாட்டினார். சாவியைத் திருப்பினார். வீதியோரப் பனிமேட்டில் ஏறி, மரங்களுக்கிடையே போய் மறைந்தார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் காரில் மூன்று பேர் இருந்தோம். ஓட்டியவர் குலம் அத்தான். பக்கத்தில் அவருடைய மனைவி, என் மூத்த சகோதரி ராஜியக்கா. பின் இருக்கையில் நான். அந்தப் பெண் மறையும்வரை அக்கா கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இரண்டு மாதமாக எவர் கேட்டும் சொல்லாத பதிலை, யாரும் கேட்காமலே சொன்னார்.

"உப்பிடித் திறப்பால ஸ்ராட் ஆகிறது ஒண்டெண்டா நான் வந்து இருப்பன்."

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த வண்டிக்குப் பெயர் ஸ்னோமொபில். பனிக்கு மேல் ஓடும், உறைந்த ஏரிக்கு மேலும் ஓடும். இங்கே பலருக்கு அது விளையாட்டுப் பொருள். எங்கள் அத்தானுக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. ஒஷாவாவில் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர், ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஓர் ஏரிக்கரையில் சிறிய வீடு வாங்கினார். கோடையில் வாங்கினார். அந்த வீட்டுக்குப் போகும் தெருவின் கடைசி இரண்டு கிலோமீற்றரில் குளிர்காலத்தில் பனி வழிக்கமாட்டார்கள் என்பது பத்திரங்களில் எழுதியிருந்தது. அத்தான் அதை வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். பனியென்றால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். ஆனால் ரொறன்ரோவில், மல்வேர்னில் அவருடைய வீட்டு வாசல்வரை வழித்துவிடுவார்கள்.

குளிர்காலம் முழுக்க அங்கேதான் இருப்பேன் என்று அத்தான் பிடிவாதமாக நின்றார். கார் போகாத இடத்தில் ஒரு கிழமைகூட இருக்கமாட்டேன் என்றார் அக்கா. முப்பத்தைந்து வருடக் கலியாணம். ஒருநாள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தான், "அப்ப நான் போறன், நீ இஞ்ச நில்" என்று சொல்லியிருக்கிறார். அக்கா "ஓம்" என்றிருக்கிறார். அந்த "ஓம்"தான் எங்கள் எல்லோரையும் பயப்படுத்தியது. அவர்களுடைய மகள் நிலா ஒஷாவாவிலிருந்து என்னை அழைத்து, "மாமா, தே ஆர் ஆக்சுவலி கோயிங் டு ஸ்ப்ளிட் ஓவர் ஸ்னோ. நீங்களாவது கதையுங்கோவன்" என்றாள்.

ஆகவே பெற்றோல் நிலையத்தில் அக்கா சொன்ன அந்த வாக்கியம் சிறிய விஷயமல்ல. அவர் வருவார். நிபந்தனை ஒன்றே ஒன்று: தன்னால் தனியே தொடக்கி ஓட்டக்கூடிய வண்டியாக இருக்க வேண்டும். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அத்தான் காரைத் தெருவுக்கு எடுத்தபடியே, "வாங்கிறதெண்டா டூ ஸ்ரோக்தான் வாங்குவன்" என்றார். விஷயம் அங்கேதான் தொடங்கியது.

நான் ஊரில் ஒரு நாளிதழில் செய்தி திருத்துபவனாக இருந்தவன். எதிலும் இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும் என்று பழகியவன். அதனால் விசாரித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. ரொறன்ரோ நடுவே சென் ஜேம்ஸ் ரவுணில், பதினான்காம் மாடியில், காரோ பனி வழிக்கும் மண்வெட்டியோ இல்லாமல் வாழ்கிற நான் எஞ்சின்களைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினேன். ஒரு தாளின் நடுவில் கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதினேன்.

டூ ஸ்ரோக் எஞ்சினில் எண்ணெய் எரிபொருளோடு சேர்ந்து எரிந்துபோகும். அதனால் புகை, அதனால் மணம். பாகங்கள் குறைவு, வண்டி பாரம் குறைவு, ஆனால் பலதைக் கயிறு இழுத்துத்தான் தொடக்க வேண்டும். ஃபோர் ஸ்ரோக்கில் எண்ணெய் தனியே எஞ்சினுக்கு அடியில் கிடந்து சுற்றிக்கொண்டிருக்கும், எரியாது. சாவியைத் திருப்பினால் தொடங்கும், சத்தம் குறைவு, பெற்றோல் குறைவாகக் குடிக்கும், நெடுநாள் உழைக்கும், ஆனால் பாரம். இதுவரை தெளிவாக இருந்தது. ஆட்களைக் கேட்கத் தொடங்கியதும் குழம்பிப் போனேன். எங்கள் கட்டடத்தில் ஒன்பதாம் மாடியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார், கணினி வேலை. குளிர்காலத்தில் நண்பர்களோடு போய் ஸ்னோமொபில் வாடகைக்கு எடுத்து ஓட்டுபவர். "சார், கண்ண மூடிட்டு டூ ஸ்ட்ரோக் போங்க. ஃபோர் ஸ்ட்ரோக் பனியில பொதஞ்சா உங்க அக்காவால தூக்கவே முடியாது" என்றார். நான் மொழிபெயர்ப்பாளனாகப் போகிற சிகிச்சை நிலையத்தின் தாதி ஒருவர், தன் கணவர் இரண்டும் வைத்திருந்து பார்த்தவர் என்றும், வயது போனவர்களுக்கு ஃபோர் ஸ்ரோக்தான் என்றும் சொன்னார். அதற்கு அத்தான், கடுங்குளிரில் பற்றறி செத்தால் இழுத்துத் தொடக்கக் கயிறும் இல்லாத அந்தச் சாமான் நடு ஏரியில் கல்லுப்போல நிற்கும் என்றார். அதற்கு அக்கா, கயிறு இருந்தால் மட்டும் தன் தோள்மூட்டு இழுக்கவிடுமோ என்று கேட்டார். இப்போது சாவியோடு வரும் டூ ஸ்ரோக்கும் இருக்கிறது என்று நான் சொன்னபோது இருவருமே கேட்கவில்லை. என் தாளில் இரண்டு பக்கமும் சமமாக நிறைந்தன. இரண்டு பக்கமும் உண்மை.

நெடுநேரம் கழித்துத்தான் எனக்குப் பட்டது, அவர்கள் பேசிக்கொண்டிருந்தது ஸ்னோமொபிலைப் பற்றி அல்ல என்று.

ஊரில் அத்தானிடம் ஒரு எழுபது சீசீ ஜப்பான் மோட்டார் சைக்கிள் இருந்தது. முழங்காலுக்கு முன்னால் வெள்ளைக் காப்புத்தகடு வைத்த சிறிய வண்டி. எல்லோரும் செவென்ரி என்றுதான் சொல்வோம். பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராமல் போன வருடங்களில் யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் ஓடியது. சிறிய போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலை மருந்தேற்றும் குழாயால் காபுரேற்றருக்குள் சில துளி விட்டு, உதைத்து, எஞ்சின் பற்றிக்கொண்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நாங்கள் அந்நாட்களில் கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்தோம். அத்தான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளராக இருந்தார், வண்டி திருத்துவதில் பெரிய கைகாரன் என்று பெயர். மண்ணெண்ணெய் எஞ்சினைக் காயவைத்துவிடும் என்று அவர் ஒவ்வொரு முறையும் எரிபொருள் தாங்கிக்குள் ஒரு மூடி எஞ்சின் எண்ணெயும் கலந்து விடுவார். செவென்ரி நீலமாகப் புகைத்துக்கொண்டு ஓடியது. கனடாவுக்கு வந்த பிறகு, டூ ஸ்ரோக் என்ற சொல் எங்கு வந்தாலும் அத்தான் அந்த வண்டியைச் சொல்வார். தன் கையால் காப்பாற்றி வைத்திருந்த டூ ஸ்ரோக்.

இராணுவம் நெருங்க, ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் வீதிக்கு வந்த அந்த ஐப்பசி மழையில், அத்தானும் அக்காவும் மூன்று வயது நிலாவும் செவென்ரியில் புறப்பட்டார்கள். நாவற்குழிப் பாலத்துக்கு யாழ்ப்பாணப் பக்கத்தில், சனத்துக்கு நடுவில், வண்டி நின்றுவிட்டது. அத்தான் உதைத்தார். அரை மணி நேரம் உதைத்தார் என்கிறார் அக்கா. பத்து நிமிடம் என்கிறார் அத்தான். வண்டியை விட்டுவிட்டு வாருங்கள் என்று அக்கா கேட்டார். அத்தான் விடவில்லை. அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சனத்தோடு நடந்தார். மூன்று நாள் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று மற்றவருக்குத் தெரியாது. அத்தான் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் பிளக்கைக் கழற்றித் துடைத்து, எப்படியோ வண்டியைக் கிளப்பி, சாவகச்சேரிப் பக்கத்தில் சனம் தங்கியிருந்த பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றாகத் தேடி, மூன்றாம் நாள் பிற்பகல் அவர்களைக் கண்டுபிடித்தார்.

அதே வண்டி. அத்தான் சொல்லும்போது அது பெண்சாதி பிள்ளையைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த வண்டி. அக்கா சொல்லும்போது அது நின்றுபோன வண்டி. நான் அன்று அலுவலகத்தில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள், ஒரே அறையில் இருக்கும்போது மட்டும் சொன்னதில்லை.

அடுத்த சனிக்கிழமை ஒஷாவாவுக்கு வடக்கே நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு கடைக்குப் போனோம். குளிர்காலத்தில் ஸ்னோமொபில், கோடையில் மோட்டார் சைக்கிளும் புல்வெட்டியும் விற்கும் கடை. கடைக்காரர் உயரமான வெள்ளைக்காரர், மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். நீங்கள் எப்படி ஓட்டுபவர்கள் என்று கேட்டார். பாதையிலா, ஆழமான பனியிலா, வேகம் பிடிக்குமா? அத்தான் தன் தொழிற்சாலை ஆங்கிலத்தில், பால், அரிசி, பிறஷர் மாத்திரை என்று பதில் சொன்னார். கடைக்காரர் சிரித்தார். நகைச்சுவை என்று நினைத்துவிட்டார். நாங்கள் மூவரும் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினார்.

பாவித்த வண்டிகள் இரண்டைக் காட்டினார். ஒன்று டூ ஸ்ரோக், மஞ்சள். மற்றது ஃபோர் ஸ்ரோக், கறுப்பு. அத்தான் மஞ்சள் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து, முகர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார், இது மண்ணெண்ணெயில் ஓடுமா என்று. கடைக்காரர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் வைத்தார். ஏன் மண்ணெண்ணெய் என்றார். பெற்றோல் வராவிட்டால் என்றார் அத்தான். எங்கேயிருந்து வராவிட்டால் என்று கடைக்காரர் கேட்டார். உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கேயிருந்து பெற்றோல் வராமல் போகும்? மல்வேர்னிலிருந்து இங்கே வரும் வழியில் பதினொரு பெற்றோல் நிலையங்களை நான் எண்ணியிருந்தேன். கடைக்காரர் ஏதோ புரிந்துகொண்டவர்போல உள்ளே போய், ஏரியில் போகும்போது கையோடு கொண்டுபோகச் சிவப்பு நிறப் பெற்றோல் கொள்கலன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

அதை வாங்குவதற்காகத் திரும்பியபோதுதான் அத்தான் அதைக் கண்டார். கடையின் மூலையில், புல்வெட்டிகளுக்குப் பின்னால், முழங்காலுக்கு முன்னால் வெள்ளைக் காப்புத்தகடு வைத்த சிறிய மோட்டார் சைக்கிள். கடைக்காரரின் தகப்பனார் வைத்திருந்ததாம், விற்பதற்கல்ல. அத்தான் போய் அதன் இருக்கையில் கையை வைத்தார். இதே வண்டியை ஐந்து வருடம் மண்ணெண்ணெயில் ஓட்டினேன் என்றார். எண்ணெய் கலந்து ஓட்டினேன், நல்ல டூ ஸ்ரோக் என்றார்.

இல்லை, இது ஃபோர் ஸ்ரோக் என்றார் கடைக்காரர்.

அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பழைய தபால்காரர் ஒருவர் விலாசத்தைத் திருத்துவதுபோலச் சொன்னார். பிறகு முழந்தாளிட்டு, எஞ்சினுக்குப் பக்கத்தில் கீழே இருந்த கறுப்பு மூடியைத் திருகி எடுத்தார். மூடியோடு எண்ணெய் அளக்கும் சிறிய குச்சி வந்தது. துணியில் துடைத்துக் காட்டினார். எண்ணெய் இங்கே தனியாக இருக்கிறது, எரிபொருளில் கலப்பதில்லை.

அத்தான் அந்தக் குச்சியைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு அந்த மூடி தெரியும். ஊரில் கிழமைக்கு ஒருமுறை அதைத் திருகி எண்ணெய் பார்த்தவர் அவர்தான், நான் பார்த்திருக்கிறேன். முப்பது வருடமாக அந்த மூடியும் டூ ஸ்ரோக் என்ற சொல்லும் அவருடைய மண்டைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவில்லை. நீலப் புகையைக் கண்டு டூ ஸ்ரோக் என்று நம்பிவிட்டார். அந்தப் புகை அவரே ஊற்றிய எண்ணெயின் புகை. தாங்கிக்குள் எண்ணெய் கலந்தும் ஓடியதா என்று கடைக்காரர் வியந்துபோய்க் கேட்டார். ஓடியது என்றார் அத்தான். பாவம், பிளக் கறுத்துக் கறுத்து அடைத்திருக்குமே என்றார் கடைக்காரர். எஞ்சினைப் புகழ்ந்துதான் சொன்னார்.

அக்காவின் ஆங்கிலம் கொஞ்சம். ஆனால் பிளக் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவையில்லை.

"இஞ்சேருங்கோ" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. "அண்டைக்கு நாவற்குழியில பிளக்தானே அடைச்சது?"

அத்தான் கடைக்காரரிடமிருந்து குச்சியை வாங்கி, தானே திரும்ப வைத்து, மூடியை இறுக்கினார்.

"ஓம்" என்றார்.

"உங்கட எண்ணெயாலதானே?"

"ஓம், ராஜி. என்ர எண்ணெயாலதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். ஏதோ வண்டியின் விலையைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்திருக்க வேண்டும், வேண்டுமானால் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். நாளைக்கு அழைக்கிறோம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

காரில் பாதி வழியில் அக்கா சுடுதண்ணீர்ப் போத்தலிலிருந்து பிளேன்ரீ ஊற்றி முதலில் அத்தானிடம் நீட்டினார். அதை மன்னிப்பு என்று எழுதலாமா என்று யோசித்தேன். வழக்கமாகவும் முதலில் அவருக்குத்தான் கொடுப்பார். முப்பது வருடம் இரண்டு தரப்பாக நான் கேட்டு வைத்திருந்த கதையில், இரண்டு தரப்புக்கும் தெரியாத ஓர் உண்மை ஒரு கறுப்பு மூடிக்குள் இருந்திருக்கிறது. அது தெரிந்தபின் எதுவும் தெளிவாகவில்லை. அத்தான் அந்த எண்ணெயை ஊற்றியது வண்டியைக் காப்பாற்றுவதற்கு. வண்டி நின்றது அதனால். தேடிக் கண்டுபிடித்ததும் அதே வண்டியில். எந்த வரியை எந்த வரிக்கு முன்னால் போடுவது என்று தெரியாத திருத்துநர்போல பின் இருக்கையில் இருந்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. செவென்ரி ஃபோர் ஸ்ரோக் என்று தெரிந்தது, எந்த ஸ்னோமொபிலை வாங்குவது என்பதற்கு விடை அல்ல. இது எனக்கு மட்டும்தான் தோன்றியதென்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா அழைத்தார். அந்தாள் வேணுமெண்டு செய்ததில்லை, ஆசைப்பட்ட மஞ்சள் வண்டியையே வாங்கட்டும், கயிறென்றால் கயிறு, நான் இழுக்கப் பழகுகிறேன் என்றார். ஒரு மணி நேரம் கழித்து அத்தான் அழைத்தார். அவர் கதைத்தது, பக்கத்து அறையில் அக்கா இருக்கிறார் என்று தெரியும் குரலில்.

"தம்பி, யோசிச்சுப் பாரும். அப்ப இவ்வளவு காலமும் எனக்குக் கைப்பழக்கமா இருந்தது ஃபோர் ஸ்ரோக்தானே? கறுப்பையே எடுப்பம்."

இரண்டு மாதம் சண்டை பிடித்தவர்கள், ஒரே காலையில் ஒருவர் நின்ற இடத்துக்கு மற்றவர் போய் நின்றுகொண்டார்கள். ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்வதா விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. நிலாவை அழைத்துக் கேட்டேன். அவள் நெடுநேரம் சிரித்துவிட்டு, "மாமா, ஜஸ்ட் டோன்ற் ரச் இற்" என்றாள். நான் தொடவில்லை. செவ்வாய்க்கிழமை அத்தான் கறுப்பு வண்டியை வாங்கினார். அதற்கு அக்கா வைத்த மறுநிபந்தனையும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது: ஓட்டுவது அக்கா, பின்னால் இருப்பது அத்தான்.

மார்கழியிலிருந்து இருவரும் ஏரிக்கரையில்தான் இருக்கிறார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மருந்துக்கும் மரக்கறிக்கும், பனி வழித்த தெரு தொடங்கும் இடத்தில் விட்டிருக்கும் காரில் ரொறன்ரோவுக்கு வருகிறார்கள். தை மாதம் நான் போனபோது அந்த இடத்தில் அக்கா எனக்காகக் காத்து நின்றார். தலைக்கவசத்துக்குள் அவருடைய முகத்தை அடையாளம் காண எனக்கு ஒரு கணம் பிடித்தது. அத்தான் வீட்டில் சோறு வைத்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் ஏறினேன். "இறுக்கிப் பிடி, வளைவில சரிஞ்சு குடு" என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக அக்கா எனக்கு ஒரு வாகனத்தைப் பற்றிக் கட்டளையிட்டார். வண்டிக்கு அதிகம் சத்தமில்லை. வீட்டை அடைந்தபோது அத்தான் வாசலில் நின்று, அக்கா நிறுத்தும் விதத்தைக் குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. உள்ளே போய்விட்டார்.

பொதுப் பாதையில் ஸ்னோமொபில் ஓட்டுவதற்கு இந்த மாகாணத்தில் அனுமதிப்பத்திரம் வேண்டும். கார் ஓட்டும் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அதுவே போதும். அக்காவிடம் அது இல்லை. கனடா வந்த இருபத்தெட்டு வருடத்தில் அவர் எடுக்கவில்லை. கார்த்திகையில் ஒரு சமூக மண்டபத்தில் நடந்த ஒருநாள் வகுப்பில், பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு இருந்து, எழுத்துப் பரீட்சை எழுதித் தேறினார். கனடாவில் அவர் பெற்ற ஒரே சாரதி அனுமதிப்பத்திரம் அதுதான். அது ஸ்னோமொபிலுக்கு மட்டுமே செல்லும். மல்வேர்னில் நிற்கும் நாட்களில் அக்கா பேருந்தில் போகிறார்.